பழந்துணியும் நம் தறியும்

புதுத் துணி நெய்து பிழைக்கும் நம்மிடையே பழந்துணியின் பெருமையைப் பேசுவது பொருந்துமா என்று அங்கத்தினர் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே நம் கருத்து. ஒரு துணி எத்தனை ஆண்டு உழைத்தது, அதன் பின்னும் எத்தனை வேலைக்கு உதவியது என்பதே அதை நெய்த கைக்குக் கிடைக்கும் நற்சான்று ஆகும்.

படுக்கை விரிப்பு முதலில் நடுவிலேதான் நையும். ஓரங்கள் உறுதியாக இருக்கும். அதனை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் நடுவே வருமாறு இணைத்துத் தைத்தால் மேலும் சில ஆண்டு உழைக்கும். பழைய பருத்திச் சேலை தூளியாகும். நைந்த வேட்டி வற்றல் உலர்த்தவும், பின்னர் விளக்குத் திரிக்கும் பயன்படும்.

இது வறியோர் வழக்கம் மட்டுமன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் மாதம் தொடங்கிய துணிப் பங்கீடு 1949 வரை நீடித்தது. பழுது பார்த்து உடுத்தும் முறைகளை விளக்கி, 1943-இல் அந்நாட்டு அரசாங்கமே ஒரு சிறு நூலை வெளியிட்டது. வங்காளத்துப் பெண்களோ பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துக் 'கந்தா' என்னும் போர்வையாக்குவதை நெடுங்காலமாகவே ஒரு கலையாக வளர்த்துள்ளனர்.

இனிப் பட்டுச் சேலைக்கு வருவோம். பழைய பட்டை விலைக்கு வாங்குவோரில் பலர் அதனை எரித்துச் சரிகையிலுள்ள வெள்ளியையே எடுக்கின்றனர். வெள்ளி மீளும், கோர்வைக் கரையும் பேட்னி முந்தியும் நெய்த பல நாள் உழைப்பு மீளாது. ஆதலால், உடுத்தத்தக்க சேலையை எடைக்குப் போடுமுன், உடுத்துவதற்கே வாங்குவோர் உளரா என்று விசாரிப்பது நலம். அவ்வாறு வாங்கும் குடும்பத்துக்கும் நல்ல பட்டு குறைந்த விலையில் கிட்டும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சேலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, மடிப்புகளில் கீறல் உள்ளதா என்று பார்க்கவேண்டும். கைத்தறிச் சேலையாயின், நெய்யும்போது அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடித்த ஊசிகளின் நுண்துளைகள் பெரும்பாலும் இரு ஓரங்களிலும் தென்படும். விற்பவர் இசைந்தால், ஓரத்து இழை ஒன்றைத் தனியே உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டிழை மயிர் தீயும் நாற்றம் வீசிப் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டர் இழை உருகிக் கெட்டி மணியாகும். சரிகையைச் சிறிது சுரண்டினால், அசலில் சிவப்புப் பட்டிழை காணும். வெண்ணிழை காணின் பெரும்பாலும் போலியே.

வாங்கிய பட்டைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைக்கவேண்டும். பூச்சி உருண்டை சரிகையில் படலாகாது. சில மாதங்களுக்கொரு முறை மடிப்பை மாற்றினால் சரிகை ஒடியாது.

இவ்வாறு பழையதைப் போற்றினால் புதியது விலைபோகாதே என்று நெசவாளர் அஞ்சவேண்டியதில்லை. நம் தறிக்குப் போட்டி, சில சலவையிலேயே குப்பைக்குப் போகும் மலிவுத் துணியே. நீடித்து உழைக்கும் துணியின் அருமையை அறிந்த குடும்பம், புதியது வாங்கும் நாளிலும் அத்தகைய துணியையே தேடும். நல்ல பஞ்சு விளைவிக்கும் உழவரும், நெருக்கி நெய்யும் நெசவாளரும் அத்தேட்டத்தால் பயனடைவர். ஆகவே அங்கத்தினர்கள் இச்சிக்கனத்தைத் தத்தம் இல்லங்களிலேயே தொடங்குவார்களாக!