மங்குஸ்தான்: விதையிலிருந்து வளர்க்கும் முறை

மங்குஸ்தான் (தாவரவியல் பெயர்: கார்சீனியா மாங்கோஸ்டானா) தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த பசுமைமாறாப் பழமரம். குடம்புளியும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்திலுள்ள கல்லாறு, மலைச்சரிவிலுள்ள பர்லியார் ஆகிய இடங்களின் அரசு பழப்பண்ணைகளிலும், குற்றாலம் பகுதியிலும் இது வளர்கிறது. சாரல் காலத்தில் குற்றாலக் கடைகளில் இப்பழத்தைக் காணலாம். இம்மரத்தைப் பெருக்குவதில் உள்ள முதல் தடை, விதையின் குறுகிய ஆயுள்.

விதையின் இயல்பு

நெல், அவரை போன்றவற்றின் விதைகளை உலர்த்தி அடுத்த பருவத்துக்குச் சேமிக்கலாம். மங்குஸ்தான் விதையோ ஈரம் குறைந்தால் இறந்துவிடும். மா, பலா விதைகளும் இவ்வகையே. பழத்திலிருந்து எடுத்துக் காயவிட்ட விதை சில நாட்களிலேயே முளைப்புத்திறனை இழக்கிறது; பழத்துக்குள் இருந்தால் சில வாரங்கள் தாங்கும். எனவே, உலர்ந்த மங்குஸ்தான் விதைகளை விலைக்கு வாங்குவது வீண். விதைகளை உலர்த்தி உறைகுளிரில் காக்கும் விதை வங்கி முறையும் இதற்கு உதவாது. உயிருள்ள மரங்களாக வளர்த்தே இதைக் காக்க முடியும்.

இவ்விதைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இது மகரந்தச் சேர்க்கையால் உருவாவதில்லை. தாய்மரத்தின் சூலகத் திசுவிலிருந்தே உருவாகிறது. மல்கோவா கொட்டையை நட்டால் மல்கோவாவே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மங்குஸ்தான் நாற்றோ பெரும்பாலும் தாய்மரத்தையே ஒத்திருக்கும்.

விதைத் தேர்வு

பழத்தின் அடியில் பூப்போன்ற ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழ்களோ, உள்ளே அத்தனை சுளைகள். பெரும்பாலும் 4 முதல் 8 வரை இருக்கும். அவற்றுள் பெரிய ஓரிரு சுளைகளில் மட்டுமே முழு விதை காணப்படும். பருத்த, கனமான விதையே வலுவான நாற்றைத் தரும்.

விதைக்கும் முறை

1. விதையில் ஒட்டிய சதையை நீரில் கழுவி நீக்க வேண்டும்.
2. வெயிலில் காயவிடாமல் அன்றே விதைக்க வேண்டும்.
3. ஆணிவேர் நீளமாக இறங்குவதால் உயரமான நாற்றுப்பையே ஏற்றது. மண், மணல், மட்கிய எரு ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம்.
4. சுமார் 1 செ.மீ. ஆழத்தில் விதைத்து, நிழலில் வைக்க வேண்டும். மண் காயவும் கூடாது, நீர் தேங்கவும் கூடாது.

சுமார் 3 முதல் 5 வாரங்களில் விதை முளைக்கும்.

நாற்றுப் பராமரிப்பு

நாற்று மிக மெதுவாக வளரும். பக்க வேர்கள் குறைவு, வேர்த்தூவிகள் இல்லை. ஆகையால் சிறிது காலம் நீரின்றி இருந்தாலும் வாடும். சுமார் 2 ஆண்டுகள் பையில் வளர்த்து, மண்கட்டி உடையாமல், மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். முதல் சில ஆண்டுகளுக்கு நிழல் தேவை. வாழையை அருகில் நடுவது இதற்கு எளிய வழி. வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள இடமே ஏற்றது. வறண்ட சமவெளியிலும் உறைபனி விழும் மலையுச்சியிலும் இது தேறாது.

காய்ப்பு

விதையிலிருந்து வளர்ந்த மரம் காய்க்க 8 முதல் 10 ஆண்டுகளோ, அதற்கு மேலோ ஆகும். ஒட்டுக்கன்று சற்று முன்னதாகக் காய்க்கும். ஆனால் மரம் சிறியதாக இருப்பதால் விளைச்சலும் குறைவு. அதனால், காத்திருக்க வேண்டியிருந்தாலும் நாற்று மரங்களையே பலரும் நடுகின்றனர்.