பக்கத்துக் கணினியோடு பேசத் தடை ஏன்?

புது தில்லி: ஒரே வைஃபை இணைப்பைப் பயன்படுத்தும் இருவர் ரயில் நிலையத்தில் அருகருகே அமர்ந்திருந்தாலும், ஒருவரின் மடிக்கணினியிலிருந்து மற்றவரின் கணினிக்கு அந்த இணைப்பின் வழியே ஒரு கோப்பை நேரடியாக அனுப்ப முடிவதில்லை. இணையத்தில் எங்கோ உள்ள சர்வருக்குச் சென்றுதான் அது பக்கத்து இருக்கைக்கு வந்து சேரவேண்டும். இது பழுது அல்ல. பொது இடங்களில் கம்பியில்லா இணையம் வழங்குவோர் பெரும்பாலும் வேண்டுமென்றே செய்துவைக்கும் ஏற்பாடு இது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணினியும் வெளியுலகத்தை மட்டுமே காணும். அண்டை வீட்டைக் காணாது.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 2017 மே 12-ம் தேதி உலகைக் கலங்கடித்த "வான்னாகிரை" வைரஸ், யாரும் எதையும் திறக்காமலேயே, ஒரே வலையமைப்பில் இருந்த விண்டோஸ் கணினிகளுக்குத் தாவியது. கோப்புகளைப் பகிர்வதற்கான வசதியே அதற்கு வாசலாயிற்று. ஆந்திரப் போலீஸ் துறையின் கணினிகள் சிலவும் அதில் சிக்கின. இத்தனைக்கும், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே அகப்பட்டனர்.

மும்பை சென்ட்ரலில் 2016 ஜனவரியில் கூகுள் நிறுவனத்தின் துணையுடன் ரயில்டெல் தொடங்கிய இலவச வைஃபை, 2018 ஜூனில் 400 நிலையங்களை எட்டியது. கூகுள் விலகிக்கொண்ட பின்னரும் ரயில்டெல் அதனை ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விரிவுபடுத்தியது. முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இத்தகைய இடங்களில் கணினிகளைத் தனித்தனியே பிரித்து வைப்பதே முறை. ஆனால், அதுவே முழுப் பாதுகாப்பு என எண்ணிவிடக் கூடாது. கடவுச்சொல் இல்லாத வைஃபையில் செல்வது வானொலி அலை. அதை ஒட்டுக்கேட்பது எவ்வளவு எளிது என்பதை 2010 அக்டோபரில் வெளியான "ஃபயர்ஷீப்" என்ற சிறு மென்பொருள் காட்டியது. இணையதளங்கள் சங்கேத முறைக்கு மாறிய பிறகே அந்த அச்சம் குறைந்தது.

சிக்கல் எழுவது, ரயில் நிலையத்துக்குரிய விதியை எல்லா இடங்களுக்கும் பொருத்தும்போதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என மத்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. அதையடுத்து ஹிமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில், மலைச்சரிவுகளில் இருந்த பள்ளிகளையும் அலுவலகங்களையும் கம்பியின்றி இணைக்கும் வலையமைப்பு உருவானது. ஆன்டெனாக்களைப் பிடித்துத் தொங்கும் குரங்குகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது வேறு கதை. வெளி இணைப்பு விலை மிகுந்ததாகவும் வேகம் குறைந்ததாகவும் இருந்த அக்காலத்தில், உள்ளூர் வலைக்குள்ளேயே தொலைபேசிப் பேச்சும் கோப்புப் பரிமாற்றமும் நடந்தன. அங்கே கணினிகள் ஒன்றோடொன்று பேசத் தடை விதித்திருந்தால், அந்த வலையமைப்பின் பயனில் பாதி போயிருக்கும்.

தேசிய அளவில் இந்தியா இதே கேள்விக்கு முன்பே விடை கண்டுள்ளது. இரு இந்திய நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு இடையிலான தகவல்கள் வெளிநாடு சென்று திரும்பிய வீண் செலவைத் தவிர்க்கவே, 2003-ல் "நிக்ஸி" எனும் தேசிய இணையப் பரிமாற்ற மையம் அமைக்கப்பட்டது. உள்நாட்டுத் தகவல் உள்நாட்டிலேயே செல்லட்டும் என்ற அந்த நியாயம், ஒரு மாணவர் விடுதிக்கும் பொருந்தாதா?

வீடுகளுக்கு வரும் கம்பியில்லா இணைப்பில் தடை வேறு வடிவில் வருகிறது. பழைய முறையில் உலகம் முழுமைக்குமே சுமார் 430 கோடி இணைய முகவரிகள்தான். ஆகவே, பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன நிறுவனங்கள். வெளியூரில் இருப்பவர் தம் வீட்டுக் கணினியை நேரடியாக அழைக்க முடியாது. மூன்றாமவரின் சர்வர் இடைத்தரகராக வேண்டும். தனி முகவரி வேண்டுமெனில் பெரும்பாலும் தனிக் கட்டணம். முகவரிப் பஞ்சத்தைப் போக்கும் ஐ.பி.வி.6 முறை இந்தியாவில் வேகமாகப் பரவியுள்ள நிலையில், பற்றாக்குறை என்ற காரணம் மட்டும் இனிச் செல்லாது.

இணையச் சமத்துவம் குறித்து டிராய் 2017 நவம்பரில் அளித்து, அரசு 2018-ல் ஏற்ற பரிந்துரைகள், போக்குவரத்தை நிறுவனங்கள் கட்டுப்படுத்துவதானால் அது தேவைக்கு ஏற்றதாகவும், தற்காலிகமாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. கணினிகளைப் பிரித்து வைப்பது நிரந்தர ஏற்பாடு. அதை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்வோரும் அரிது. முதலில் தடை இருக்கட்டும். விவரமறிந்து கேட்கும் வாடிக்கையாளருக்குக் கட்டணமின்றி அதை நீக்கித் தருவதே நியாயம். உரிமமின்றித் தேநீர்க் கடைக்காரரும் வைஃபை வழங்கலாம் என 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த "பி.எம்.-வாணி" திட்டத்தில், இம்முடிவைக் கடைக்காரரிடம் மட்டும் விட்டுவிடவும் முடியாது. இணைப்பின் வேகம், பயன்பாட்டு வரம்பு ஆகியவற்றை வாடிக்கையாளரிடம் தெளிவாகத் தெரிவிக்குமாறு 2016-ல் உத்தரவிட்டது டிராய். அந்தப் பட்டியலில் இந்த விவரத்தையும் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.