குழாயைப் பார்த்தோம், ஆற்றைப் பார்த்தோமா?

2020 செப்டம்பர். நான் அப்போது படிவம் மூன்று மாணவி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளச் சுவரில், சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவச் சொல்லும் கோவிட் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழேயே, முகக்கவரி அணிந்து, ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, வாளிகளோடு தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்றோம். கை கழுவத்தான் தண்ணீர் இல்லை.

மின்தூக்கி இல்லாத நான்கு மாடி. அம்மா இரண்டு வாளி, நான் இரண்டு வாளி. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவி, அந்தத் தண்ணீரையே கழிப்பறைக்கு ஊற்றினோம். "பில் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது" என்று அம்மா அலுத்துக்கொண்டார். எங்கள் கோபமெல்லாம் குழாய்மீதுதான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடப்பணிக்காக நாட்டின் நீர்ச் சட்டங்களைப் படிக்க நேர்ந்தபோதுதான், நாங்கள் பார்க்க வேண்டிய இடம் குழாய் அல்ல, ஆறு என்பது புரிந்தது.

அன்று என்ன நடந்தது?

ராவாங் பகுதியில் ஓடும் சுங்கை கோங் என்ற சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. அது சிலாங்கூர் ஆற்றைச் சேர்ந்ததும் நீரில் கடும் வாடை வீசியது. செப்டம்பர் 3ஆம் தேதி, அந்த ஆற்றை நம்பியிருக்கும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 12 லட்சம் பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது.

சுத்திகரிப்பு நிலையம் எதற்கு இருக்கிறது, சுத்தம் செய்ய வேண்டியதுதானே என்று நானும் கேட்டிருக்கிறேன். சேற்றையும் கிருமியையும் நீக்கத்தான் இந்த நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. படிகாரம் போன்ற பொருளைக் கலந்து சேற்றைத் திரளச் செய்து அடியில் படிய விடுவார்கள். பிறகு மணலில் வடிகட்டி, குளோரின் சேர்ப்பார்கள். எண்ணெயும் ரசாயனக் கரைப்பான்களும் இந்த முறையில் எளிதில் நீங்குவதில்லை. கெட்ட நீர் உள்ளே நுழைந்தால் நிலையமும் குழாய்களும் மாசுபடும். ஆகவே வாயிலை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆறு தெளிந்தவுடன் வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிடாது. காலியான நீர்த்தொட்டிகள் முதலில் நிறைய வேண்டும். பிறகு குழாய்களில் அழுத்தம் ஏற வேண்டும். மேட்டுப்பகுதிகளுக்கும் குழாயின் கடைசியில் உள்ள வீடுகளுக்கும் கடைசியாகத்தான் வரும். சில மணி நேரத்தில் கொட்டப்பட்ட கழிவுக்கு நாங்கள் பல நாள் வாளி சுமந்த காரணம் இதுதான்.

ஆறு யாருடையது?

நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலமும் காடும் ஆறும் மாநில அரசின் பொறுப்பு. 2005இல் செய்யப்பட்ட திருத்தம், தீபகற்ப மாநிலங்களின் நீர் விநியோகச் சேவையை மட்டும் கூட்டரசும் மாநிலமும் பகிரும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம். அதன்கீழ் நீர் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிப்பது தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான்.

அதாவது, குழாய் ஒரு சட்டத்தின் கீழ், ஆறு வேறொரு சட்டத்தின் கீழ். சிலாங்கூரில் ஆறுகளைக் கவனிக்க 1999ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி லுவாஸ் அமைக்கப்பட்டது. தொழிற்சாலைக் கழிவை விசாரிப்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. அந்தத் தொழிற்சாலைக்கு வியாபார உரிமம் கொடுப்பது ஊராட்சி மன்றம். ஒரே ஒரு கால்வாயைக் காக்க மூன்று அலுவலகங்கள் ஒன்றாகக் கண் விழித்திருக்க வேண்டும்.

ஆறு மாநில எல்லையையும் பார்ப்பதில்லை. பினாங்கு தன் மூலநீரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை சுங்கை மூடாவிலிருந்து எடுக்கிறது. அந்த ஆற்றுக்கு நீர் தரும் உலு மூடா காடு இருப்பதோ கெடாவில். அங்கே மரம் வெட்டலாமா என்பதைப் பினாங்கு மக்கள் முடிவு செய்ய முடியாது. ஆனால் அதன் விளைவு அவர்கள் குழாயில் தெரியும்.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. பகாங்கிலிருந்து சிலாங்கூருக்கு மூலநீர் கொண்டுவர 44.6 கிலோமீட்டர் சுரங்கம் மலைக்கடியில் வெட்டப்பட்டது. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை உயர்ந்தது. அபராதம் தேவைதான். ஆனால் அது கழிவு கொட்டிய பிறகு வருவது. ஆற்றோரத்தில் எந்தத் தொழிற்சாலை வரலாம், அதன் கழிவு எங்கே போகிறது என்பதை உரிமம் தரும்போதே கேட்பதுதான் உண்மையான பாதுகாப்பு. புதிய சுரங்கம் வெட்டுவதைவிட, இருக்கும் ஆற்றைக் கெடாமல் காப்பது மலிவு.

மாணவர்களான நாம் என்ன செய்யலாம்? குழாயை இறுக்கி மூடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. உங்கள் தாமானின் கால்வாய் எந்த ஆற்றில் சேர்கிறது என்று வரைபடத்தில் தேடிப் பாருங்கள். அதில் போகும் தண்ணீர் பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமல்தான் ஆற்றுக்குப் போகிறது. பொரித்த எண்ணெயை அதில் ஊற்றாதீர்கள். அதில் வாடையோ நிறமாற்றமோ தெரிந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் செய்யுங்கள். வாக்களிக்கும் வயது இப்போது 18. ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் சாலை விளக்கைப் பற்றிக் கேட்கும்போது, ஆற்றைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள்.

அந்த நான்கு வாளிகள் இன்னும் எங்கள் குளியலறையில்தான் இருக்கின்றன. "மறுபடியும் தேவைப்படும்" என்று அம்மா அவற்றைத் தூக்கிப் போட மறுக்கிறார். அம்மா சொல்வது பொய்யாக வேண்டும் என்பதே என் ஆசை.