பிடித்தது ராணி எறும்புதானா?

கோழி, புறா, லவ் பேர்ட்ஸ் வளர்ப்பது போல எறும்பு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள் தெரியுமா? பல நாடுகளில் இது ஒரு பொழுதுபோக்கு. நானும் வளர்க்கிறேன் என்று கிளம்பி, முதலில் ஒரு எறும்பை அநியாயமாகச் சாகடித்தேன்.

எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் பெரிய தலையோடு ஒரு கட்டெறும்பு போய்க்கொண்டிருந்தது. மற்றதை விட இரண்டு மடங்கு பெரிசு. "இதுதான்டா ராணி" என்று பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். முட்டை போடும் போடும் என்று தினமும் மூடியைத் திறந்து பார்த்தேன். பதினேழாம் நாள் செத்துக் கிடந்தது. அறிவியல் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "தலையைப் பார்த்து ஏமாந்துட்டியேடா, நெஞ்சைப் பார்க்க வேண்டாமா?" என்றார்.

விஷயம் இதுதான். கட்டெறும்புக் கூட்டில் வேலைக்கார எறும்புகளே பல அளவில் இருக்கும். பெரிய வேலைக்காரிக்குத் தலை மட்டும்தான் பெரிசு, நெஞ்சு ஒல்லி. ராணி அப்படியில்லை. அவள் ஒரு காலத்தில் சிறகோடு பறந்தவள். சிறகை அசைக்கும் தசை முழுவதும் நெஞ்சுக்குள் இருப்பதால் அது உருண்டு திரண்டு, ஏறக்குறைய தலை அகலத்துக்கு இருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் முதுகு திமில் மாதிரி தூக்கியிருக்கும். ஜோடி சேர்ந்த பிறகு தன் சிறகுகளைத் தானே உதிர்த்துவிடுவாள். அந்த இடத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு தழும்பு தெரியும். வேலைக்காரிக்குச் சிறகே முளைப்பதில்லை, அதனால் தழும்பும் கிடையாது.

மழை விட்ட சாயங்காலம் டியூப் லைட்டைச் சுற்றுமே, அதையெல்லாம் ராணி என்று நினைக்காதீர்கள். பாதி ஈசல், அதாவது கரையான். ஈசலுக்கு இடுப்பே இருக்காது. நான்கு சிறகும் ஒரே நீளம். உணர்கொம்பு மணி கோத்தது போல நேராக இருக்கும். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், முன்சிறகு பின்சிறகை விட நீளம், உணர்கொம்பு நம் முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். சிறகுள்ள எறும்பிலும் தலை சின்னதாக, உடம்பு ஒல்லியாக இருந்தால் அது ஆண். சில நாளில் செத்துப்போகும். விட்டுவிடுங்கள்.

ராணி என்று தெரிந்தபின் என்ன ராணி என்று பார்க்க வேண்டும். இடுப்பில் ஒரு கணு என்றால் கட்டெறும்பு வகையாக இருக்கலாம். ஃபாப்ரீசியஸ் என்பவர் 1787இல் பெயர் வைத்த கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ் என்ற கருப்புக் கட்டெறும்புதான் நம் பக்கம் அதிகம். அதன் ராணி ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறையாது. பச்சையாக இருந்தால் மரத்தில் இலை தைக்கும் முசுறின் ராணி. இடுப்பில் இரண்டு கணு என்றால் நெருப்பெறும்பாக இருக்கலாம், கொட்டும், ஜாக்கிரதை! டயகம்மா என்று ஒரு எறும்பு உண்டு. அதில் ராணி என்று தனி உருவமே கிடையாது, வேலைக்காரி ஒருத்தியே முட்டையிடுவாள். அதில் ராணியைத் தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ராணிக்காகப் புற்றைத் தோண்டவே கூடாது. ராணி போனால் அந்தக் கூடே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும். மழைக்குப் பிறகு தரையில் தனியாக, சிறகில்லாமல், பொந்து தேடி அலைகிற ராணிதான் நமக்கு வேண்டியது. சிறகு உதிர்ந்தால் ஜோடி சேர்ந்துவிட்டாள் என்று நூறு சதவீதம் சொல்ல முடியாது. சேராத ராணி இடும் முட்டையில் ஆண் மட்டுமே வரும்.

சோதனைக் குழாயில் பாதிக்குக் கீழே தண்ணீர் ஊற்றிப் பஞ்சால் இறுக்கி அடையுங்கள். ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடி இருட்டில் வையுங்கள். கட்டெறும்பு ராணிக்கு அதுவரை சாப்பாடு வேண்டாம்! இனிமேல் உதவாத சிறகுத் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளுக்கு ஊட்டிவிடுவாள். முதல் வேலைக்காரி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வந்த பிறகு ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், செத்த கொசு கொடுத்தால் போதும். தினமும் எடுத்து ஆட்டிப் பார்த்தால் பயந்து தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள். (என் பாட்டிலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

போன மழையில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் ஒருத்தி கிடைத்தாள். தழும்பு நான்கையும் சார் லென்ஸில் காட்டினார். இப்போது ஏழு முட்டை இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் திறந்து பார்க்கிறோம். பார்க்க ஆசைப்படுபவர்கள் அன்று ஆய்வகத்துக்கு வரலாம், குழாயைத் தட்டக் கூடாது.

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்