திரையில் நடக்கும் ஏலம்: காசைப் போடுமுன் கவனம்



தைப்பொங்கல் முடிந்த கிழமை. காலைப் பெரட்டு கலைந்த கையோடு ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பார்சல். "ஐயா, எம் மவன் ஏலத்துல எடுத்த சாமானுங்க. வேல செய்யல" என்றார். பிரித்துப் பார்த்தால் பழைய கெமரா. கலியாண வீடுகளில் படம் பிடித்து நாலு காசு சம்பாதிக்கலாம் என்று அந்தத் தம்பி வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் கைபேசி மூலம் எடுத்திருக்கிறார். ஏல விலை 38 டொலர். அனுப்பும் கூலி 27 டொலர். போட்ட காசு அம்மா வாங்கிய தீபாவளி முற்பணம். கெமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த முற்பணம் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படத்தானே செய்யும்?

இப்போது பல வீடுகளில் பிள்ளைகள் இப்படி வாங்கப் பார்க்கிறார்கள். ஆகவே இந்த ஏலம் எப்படி நடக்கிறது, எங்கே ஏமாற்றம் வருகிறது என்று கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த ஏலம்

ஏலம் நமக்குப் புதிது இல்லை. நாம் பறிக்கும் கொழுந்து தூளாகி, கொழும்பு ஏலத்தில்தான் பெரும்பாலும் விலைப்படுகிறது. 1883ஆம் ஆண்டு தொடங்கிய ஏலம் அது. வியாபாரிகள் மண்டபத்தில் கூடி வாயால் விலை கேட்டு வந்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், அதுவும் கணினிக்கு மாறியது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏலத்துக்கு முன்பே தரகர்கள் தேயிலை மாதிரியை வியாபாரிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சாயம் ஊற்றி, வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்து, இதற்கு இவ்வளவுதான் என்று மனதில் முடிவு செய்த பிறகே விலை கேட்பார்கள். அந்தத் தம்பி கெமராவைத் தொட்டும் பார்க்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தார். பெரிய வித்தியாசம் இதுதான்.

விலை ஏறுவது எப்படி?

உலகில் பேர்பெற்ற ஏலத் தளம் ஈபே. அமெரிக்காவில் 1995இல் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கியது. அங்கே நீங்கள் 'ஆகக்கூடியது இவ்வளவு தருவேன்' என்று ஒரு தொகையைப் போட்டு வைக்கலாம். மற்றவர் கேட்கக் கேட்க கணினியே உங்களுக்காக விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். நீங்கள் 50 டொலர் போட்டிருக்கிறீர்கள், அடுத்தவர் 40 டொலர் போட்டிருக்கிறார் என்றால் விலை 41 டொலரில் நிற்கும். முழு 50 டொலரும் கொடுக்கத் தேவையில்லை.

கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலம் போடும்போது 'ஒரு தரம், இரண்டு தரம்' என்பார்கள். யாராவது கூட்டிக் கேட்டால் ஏலம் நீளும். ஈபேயில் அப்படி இல்லை. குறித்த நேரம் வந்ததும் மணி அடித்த மாதிரி முடிந்துவிடும். அதனால் பலர் கடைசி விநாடி வரை காத்திருந்து விலை போடுவார்கள். ஒரு கிழமையாக முன்னுக்கு நின்றவர் கடைசியில் "போச்சே!" என்று தலையில் கை வைப்பார்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். வந்தவர் உங்கள் எல்லையைவிடக் கூடப் போட்டதால்தான் வென்றார். உங்கள் எல்லை உண்மையான எல்லை என்றால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. ரோசத்தில் "இன்னும் 5 டொலர், இன்னும் 5 டொலர்" என்று ஏறுகிறவர்தான் கடைசியில் அழுகிறார். சில இடங்களில் விற்பவரே தன் ஆட்களை வைத்து விலையை ஏற்றுவதும் உண்டு. ஈபே இதைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியுமா?

விற்பவருக்கும் தொல்லை

விற்பவர் பாடும் சுகமில்லை. ஆட்களை இழுக்கக் குறைந்த விலையில் தொடங்கினால், கேட்க ஒருவரே வந்து அடிமாட்டு விலைக்குப் போய்விடலாம். ஏலத்தில் வென்றவர் காசு கட்டாமல் காணாமல் போவார். தளத்துக்குக் கட்டணமும் கொடுக்க வேண்டும். முன்பு விற்பவரும் வாங்குபவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் நல்லது கெட்டது எழுதலாம். 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவரைப் பற்றிக் கெட்ட கருத்து எழுத முடியாது. விற்க நினைக்கும் பிள்ளைகள், வெளிநாட்டுக் காசு எந்த வழியில் கைக்கு வரும் என்று முதலில் வங்கியில் கேளுங்கள்.

செய்ய வேண்டியவை

1. பொருளின் விலை, அனுப்பும் கூலி, சுங்கவரி, வங்கிக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டித் தாளில் எழுதுங்கள். அதுதான் உண்மை விலை.

2. அந்தக் கணக்கை வீட்டாரிடம் காட்டி எல்லையை முடிவு செய்யுங்கள். ஒரே தடவை போட்டுவிட்டு போனைக் கீழே வையுங்கள்.

3. விவரத்தைக் கடைசி வரி வரை வாசியுங்கள். 'உதிரிப்பாகத்துக்கு மட்டும்' என்று இருந்தால் அது ஓடாத சாமான். விளங்காவிட்டால் விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

4. "தளத்துக்கு வெளியே நேரே காசு போடுங்க, குறைச்சுத் தாறேன்" என்றால் நம்ப வேண்டாம். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

5. பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே முறையிடுங்கள். ஈபேயில் பொருள் கிடைத்து 30 நாளுக்குள் முறையிட வேண்டும். மற்றத் தளங்களில் எத்தனை நாள் என்று வாங்குமுன் பாருங்கள்.

அந்தக் கெமராவின் கதைக்கு வருகிறேன். விவரத்தில் 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று ஒரு வரி ஆங்கிலத்தில் இருந்தது. தம்பிக்கு அது விளங்கவில்லை. பார்சல் வந்து ஒன்றரை மாதம், அம்மா ஏசுவார் என்ற பயத்தில் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார். நாங்கள் முறைப்பாடு எழுதிப் பார்த்தபோது நாள் கடந்துவிட்டது. காசு திரும்பவில்லை.

பிள்ளைகளே, வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள். பெற்றோர்களே, முதலில் ஏசாமல் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் விளங்காத வரி இருந்தால், விலை போடுமுன் போனை என்னிடம் எடுத்து வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.