நாலெழுத்தும் நான்கு இல்லங்களும்

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பரீட்சை நடந்தது. நடத்தியவள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கும் என் பேத்தி. வரிசையாகக் கேள்விகள், முடிவில் ஆளுக்கு நான்கு ஆங்கில எழுத்துக்கள். அவற்றை ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டு, ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் மாயப் பள்ளியின் நான்கு இல்லங்களில் நாங்கள் எந்த இல்லம் என்று தீர்ப்பும் சொன்னாள். 33 வருடம் கணக்குத் துறையில் காலம் தள்ளிய நான் இ.எஸ்.டி.ஜே.யாம், ஆகவே ஸ்லிதரின். அது தந்திரசாலிகளின் இல்லம் என்று தெரிந்ததும் என் மனைவி, "இதுக்கு எதுக்கு இத்தனை கேள்வி? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள்.

விளையாட்டு அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். பதினொரு வயதுப் பேரனுக்கு ஹஃபிள்பஃப் கிடைத்தது. "மிச்சம் மீதி ஆளுங்க போற இடம்" என்று அவன் சிநேகிதன் சொல்லிவிட்டானாம். அன்று ராத்திரி சாப்பிடவே வரவில்லை. பேத்தியோ, நம் சங்கத்துப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னதற்கு, "நான் ஐ.என்.டி.பி. தாத்தா, ரேவன்கிளா. மேடையிலே பேசறதெல்லாம் கிரிஃபிண்டோர் ஆளுங்க வேலை" என்று கையை விரித்தாள். சரி, இது என்ன சமாசாரம் என்று அவளுடைய ஏழு புத்தகங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் அந்த நாலெழுத்து. மனோதத்துவ நிபுணர் கார்ல் யுங் 1921-இல் மனித இயல்பின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதைத் தழுவி, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மயர்ஸ் என்ற மகளும் சேர்ந்து உருவாக்கியதுதான் இந்தப் பரீட்சை. இருவரும் மனோதத்துவம் முறையாகப் படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டறியவே மகள் இதில் இறங்கினார். கலகலப்பானவரா, தனிமை விரும்பியா? கண்ணால் கண்டதை நம்புபவரா, கற்பனையில் செல்பவரா? அறிவு சொல்வதைக் கேட்பவரா, மனம் சொல்வதையா? திட்டம் போட்டு நடப்பவரா, போகிறபடி போகட்டும் என்பவரா? நான்கு இரண்டுகள், பெருக்கினால் பதினாறு வகை.

இதில் ஒரு கோளாறு உண்டு. மனிதர்களில் பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். பரீட்சையோ நடுவில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு ஒரு பக்கம் ஓர் எழுத்து, மறுபக்கம் வேறு எழுத்து என்கிறது. 49 மார்க்குக்கும் 51 மார்க்குக்கும் உள்ள வித்தியாசம்தான்! கோட்டுக்கு அருகில் இருப்பவருக்கு இன்று ஓர் எழுத்து, அடுத்த மாதம் வேறு எழுத்து.

இனி இல்லங்கள். கேந்திரிய வித்யாலயத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்குச் சிவாஜி, தாகூர், அசோகா, ராமன் என்றால் புரியும். ஹாக்வார்ட்ஸில் இந்தப் பிரிவினையை ஒரு பழைய தொப்பி செய்கிறது. கிரிஃபிண்டோருக்கு வீரம், ரேவன்கிளாவுக்கு அறிவு, ஹஃபிள்பஃபுக்கு உழைப்பும் விசுவாசமும், ஸ்லிதரினுக்கு முன்னேறும் வேட்கை. யோசித்துப் பாருங்கள்: இவை எதுவும் சுபாவம் அல்ல. எதை ஒருவர் பெரிதாக மதிக்கிறார் என்பதுதான்.

அட்டவணை இடறுவது இங்கேதான். வீஸ்லி குடும்பத்துப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப் புத்தகத்தை விழுங்கியவன் போன்ற பெர்சியும், அந்தச் சட்டங்களை மீறுவதற்கென்றே பிறந்த இரட்டையர்கள் ஃபிரெட், ஜார்ஜும் ஒரே கிரிஃபிண்டோர். பரீட்சைக்குப் படிக்க அட்டவணை போடும் ஹெர்மயனியும், வாயே திறக்கப் பயப்படும் நெவிலும் அங்கேதான். ஸ்லிதரினில் விருந்தும் அரட்டையுமாக வாழும் ஸ்லக்ஹார்ன் ஒரு பக்கம், யாரோடும் ஒட்டாத ஸ்நேப் ஒரு பக்கம். எந்த நாலெழுத்து இவர்களை ஒன்றாகக் கட்டும்?

ஹெர்மயனியை ரேவன்கிளாவுக்கு அனுப்பலாமா என்று தொப்பியே யோசித்ததாம். ஹாரியை ஸ்லிதரினுக்கு அனுப்பப் பார்த்தது. அவன் வேண்டாம் என்று மன்றாடினான், தொப்பி விட்டுவிட்டது. அப்படி அவன் கேட்டதுதான் முக்கியம் என்று இரண்டாவது புத்தகத்தில் டம்பிள்டோர் அவனுக்கு விளக்குகிறார். ஐந்தாவது புத்தகத்தில் தொப்பிக்கே இப்படிப் பிரிப்பது சரிதானா என்று சந்தேகம் வந்துவிடுகிறது. பதினொரு வயதுக் குழந்தைகள் அல்லவா!

பேரனைக் கூப்பிட்டு இரண்டு இடங்களை வாசித்துக் காட்டினேன். நான்காவது புத்தகத்தில் போட்டிக்குப் பள்ளியின் சார்பில் தேர்வாகும் செட்ரிக் ஹஃபிள்பஃப் பையன். 2007-இல் வந்த கடைசிப் புத்தகத்தில், ஓடிப்போகலாம் என்று அனுமதி இருந்தும் சண்டைக்கு நின்றவர்களில் ஹஃபிள்பஃப் மாணவர்கள் ரேவன்கிளாவினரைவிட அதிகம். "அப்ப அது மிச்சம் இல்லியா தாத்தா?" என்றான். கதையில் அந்த இல்லத்தைத் தொடங்கிய அம்மாள் யாரையும் ஒதுக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டவர். அதைத்தான் உன் சிநேகிதன் தப்பாகச் சொல்லிவிட்டான் என்றேன்.

பேத்தியிடம் வாதாடவில்லை. ஒரு மாதம் கழித்து அதே பரீட்சையை மறுபடி எழுதச் சொன்னேன். முதல் எழுத்தே மாறி வந்தது. "அன்னைக்குத் தூக்கக் கலக்கம் தாத்தா, கணக்கிலே சேர்க்காதே" என்கிறாள். எந்த நாளைச் சேர்க்கக் கூடாது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை; ஆனால் தலைப்பு என்ன என்று நேற்று பாட்டியிடம் விசாரித்தாளாம்.