காக்காய்க் கடிக்குத் தடை

பிரிட்டனின் விடுமுறை முகாம்களில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குத் தின்பண்டம் கொடுக்கக் கூடாது. கேட்கக் கடுமையாக இருக்கும் இந்த விதிக்குப் பின்னால் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது.

கமர்கட்டைச் சட்டை நுனியில் சுற்றி, பல்லால் உடைத்து, பாதியைத் தோழனிடம் நீட்டுவது காக்காய்க் கடி. எச்சில் படாது என்பது நம்பிக்கை. அப்படி வளர்ந்தவர்கள் இன்று ஒரு பிரிட்டிஷ் விடுமுறை முகாமுக்குப் போனால் திகைத்துப்போவார்கள். அங்கே சாப்பாட்டு மேஜையில் முதல் பாடமே 'உன் டப்பாவில் இருப்பது உனக்கு மட்டும்' என்பதுதான்.

இங்கிலாந்தில் ஜூலை இறுதியில் பள்ளிகள் மூடினால் திறக்க சுமார் ஆறு வாரம் ஆகும். தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு விடுமுறை முகாம்கள்தான் கைகொடுக்கின்றன. பள்ளிக்கூட அரங்குகளிலும் விளையாட்டு மையங்களிலும் நடக்கும் இந்த முகாம்களில் கால்பந்து, ஓவியம், நாடகம் எல்லாம் உண்டு. மதிய உணவு பெரும்பாலும் வீட்டிலிருந்து வரும். சிக்கலும் அங்கேதான். பள்ளி ஆசிரியருக்கு ஒவ்வொரு குழந்தையையும் ஆண்டு முழுக்கத் தெரியும். முகாம் பணியாளருக்கோ அன்று காலை அறிமுகமான முகங்கள். பெற்றோர் நிரப்பிக் கொடுத்த படிவம் ஒன்றுதான் துணை.

அந்தப் படிவத்தில் உள்ள ஒரு வரி சாதாரணமானதல்ல. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தையின் உடல், வேர்க்கடலையிலோ பாலிலோ உள்ள புரதத்தை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. சிலருக்கு அரிப்பு, தடிப்போடு போய்விடும். சிலருக்கு நிமிடங்களில் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உடனே அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும். சட்டை நுனி எச்சிலைத் தடுக்கலாம். கடலைப் புரதத்தைத் தடுக்காது.

2016இல் 15 வயது நடாஷா எட்னன்-லபரூஸ், லண்டன் விமான நிலையத்தில் வாங்கிய சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்தார். மாவோடு கலந்திருந்த எள் உறையில் குறிப்பிடப்படவில்லை. அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது. கடையிலேயே தயாரித்துப் பொட்டலம் கட்டி விற்கும் உணவிலும் எல்லாப் பொருட்களையும் அச்சிட வேண்டும் என்றானது. 2017இல் மேற்கு லண்டன் பள்ளி ஒன்றில் 13 வயதுச் சிறுவன் மீது சக மாணவன் ஒரு துண்டு பாலாடைக்கட்டியை வீசினான். பால் ஒவ்வாமை இருந்த அந்தச் சிறுவன் சில நாட்களில் இறந்தான். குழந்தைகளின் கைக்குக் கை மாறும் உணவில் உறையும் இல்லை, அச்சிட்ட பட்டியலும் இல்லை.

ஐந்து வயதுக்குட்பட்டோரைப் பராமரிக்கும் அமைப்புகளுக்கான இங்கிலாந்து அரசின் விதிகள் 2025 செப்டம்பரில் இன்னும் இறுகின. குழந்தைகள் சாப்பிடும்போது முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் அறையில் இருந்தே தீர வேண்டும். முடிந்தவரை பணியாளர்கள் குழந்தைகளுக்கு எதிரே உட்கார்ந்து, உணவு தொண்டையில் சிக்காமலும் கைமாறாமலும் கவனிக்க வேண்டும்.

அங்கு வாழும் இந்தியக் குடும்பங்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. பிரிட்டிஷ் சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. லெஸ்டரில் ஒரு குஜராத்தித் தாய் ஆசையோடு கட்டிக் கொடுக்கும் டோக்ளாவின் தாளிப்பில் இரண்டுமே இருக்கும். கொடுக்கும் குழந்தைக்கு அது பாட்டி வீட்டுப் பண்டம். வாங்கும் குழந்தைக்கு ஆபத்தாகலாம். இதே விதி மறுபக்கமும் காக்கிறது. வண்ண வண்ண ஜெல்லி மிட்டாய்கள் பலவற்றில் விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. சைவக் குடும்பத்துக் குழந்தைக்கோ ஹலால் மட்டும் உண்ணும் குழந்தைக்கோ அது தெரிய வழியில்லை.

இருந்தாலும் இந்திய மனம் உறுத்தத்தான் செய்யும். 'அவனிடம் வாங்கிச் சாப்பிடாதே' என்ற கட்டளைக்கு இங்கே வேறு பொருள் இருந்திருக்கிறது. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொடவே அனுமதிக்கப்படாத சிறுவனாக வளர்ந்தவர் அம்பேத்கர். சேர்ந்து உண்பதை மறுப்பதே ஒருவரை ஒதுக்கும் கருவியாக இருந்த நாட்டில் பங்கிடல் வெறும் நல்ல பழக்கம் அல்ல, சமத்துவத்தின் அடையாளம்.

அதனால்தான் விதியை எப்படிச் செயல்படுத்துகிறார்கள் என்பது முக்கியம். ஒவ்வாமை உள்ள குழந்தையை மட்டும் மூலை மேஜையில் உட்கார வைத்தால் அது பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் ஒதுக்கல். யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால், எந்தக் குழந்தையும் தனித்துத் தெரியாது. மேஜை ஒன்று, சிரிப்பு ஒன்று, டப்பா மட்டும் தனி.

இதைவிட நல்ல வழி பொதுச் சமையல். பள்ளியில் இலவச உணவு பெறும் ஏழைக் குழந்தைகள் விடுமுறையில் பட்டினி கிடக்கக் கூடாது என்று 2020இல் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் குரல் கொடுத்தார். 2018 முதல் சில இடங்களில் சோதனையாக நடந்த விடுமுறை உணவுத் திட்டம் 2021இல் இங்கிலாந்து முழுவதும் விரிந்தது. இந்த முகாம்களில் உணவை நடத்துபவர்களே தருகிறார்கள். உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது சமைப்பவருக்குத் தெரியும். பண்டமாற்றும் தேவையில்லை, பொறாமையும் இல்லை.

இந்திய நகரங்களின் கோடைக்கால முகாம்களிலும் இனி இந்தக் கேள்விகள் எழ வேண்டும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு உணவு முத்திரை விதிகள் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா போன்றவற்றைப் பொட்டலத்தில் குறிப்பிடச் சொல்கின்றன. எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. வீட்டு டப்பாவுக்கு எந்த விதியும் இல்லை. எனவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: ஒவ்வாமை பற்றி எழுத படிவத்தில் இடம் உண்டா? சாப்பாட்டு நேரத்தில் யார் கவனிப்பார்கள்? மூச்சுத் திணறினால் எந்த மருத்துவமனை, எத்தனை நிமிடம்?

வீட்டில் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம். நண்பனுக்குக் கொடுக்காதே என்றல்ல. கொடுக்கும் முன் பெரியவரைக் கேள் என்று. அக்கறையும் ஒரு வகைப் பங்கீடுதான்.